எட்டுக் கால் சிப்

மும்பையின் மான்குர்தில் இரும்புக்குத்தான் சீக்கிரம் வயதாகிறது. கழிமுகத்தின் உப்புக் காற்று ஜன்னல் கம்பியில் தொடங்கி சைக்கிள் செயின் வரைக்கும் தின்றுவிடும். எங்கள் வேனுக்கு இப்போது பதினான்கு வயது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டு ஏற்றி, செம்பூர் கல்யாணங்களுக்குப் பாத்திரம் இறக்கி, எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தது அதுதான். போன மழைக்கு முன்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைய ஆரம்பித்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். செல்ஃப் எடுக்கும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்கேனரை மாட்டிப் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் போயிற்று, புதுசு போடணும், அதற்குப் பதில் பழைய வேனை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம் என்றார்கள். புதுசின் விலை, வேனை விற்றால் வருகிற காசில் பாதி.

எஞ்சினுக்கு இப்படி ஒரு மூளை எதற்கு என்று அன்றைக்குக் கோபம் வந்தது. கார்புரேட்டர் வண்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது. ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்த எவரும் சரிசெய்யலாம். ஆனால் புகை விதிகள் இறுகின. 2005 ஏப்ரலில் மும்பை உள்ளிட்ட 11 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 3 வந்தது, 2010-ல் நான்கு வந்தது. நாடே ஓட்டிப் பழகிய மாருதி 800 அந்த வருடம்தான் பெருநகரங்களின் ஷோரூம்களிலிருந்து விடைபெற்றது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதை சென்சார்களைக் கேட்டுக் கேட்டு முடிவு செய்ய ஒரு பெட்டி வேண்டியிருந்தது. தேவனார் குப்பைமேட்டுப் புகையைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் தகப்பன் நான். அந்த விதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்து மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், மூன்றாம் தலைமுறை மும்பைவாசி. ஸ்கேனரைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி, மூளையக் கடேசியாப் பாப்போம். மொதல்ல எர்த்து." பேட்டரி முனை, ஃப்யூஸ், ரிலே என்று வரிசையாகப் போனார். பாடியில் எர்த் ஒயர் சேரும் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் செம்பின் நிறம் வந்த பிறகுதான் மறுபடி முடுக்கினார். சென்சார்கள் பெரும்பாலும் ஐந்து வோல்ட்டுக்குள் பேசுகிறவை. எர்த்தில் அரை வோல்ட் தொலைந்தாலும் பெட்டிக்குத் தப்பான சேதிதான் போகும் என்றார். பெட்டி பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு போல்ட்டில் வேன் மழைக்காலம் முழுக்க ஓடியது. வேலைக்கு வந்த பையன்களை, பேச்சு நின்றுபோன ஒரு நண்பனை, எத்தனை பேரை 'மண்டையே சரியில்லை' என்று நான் தள்ளிவைத்திருப்பேன் என்று அந்த மூன்று மாதமும் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் எர்த்தைச் சோதித்ததில்லை.

அக்டோபர் வெயிலில் மறுபடி அணைந்தது. இந்தத் தடவை எர்த் சுத்தமாக இருந்தது. மெக்கானிக் பெட்டியைக் கழற்றாமல் ஹேர் டிரையரால் சூடு காட்டினார். ஐந்தாறு நிமிடத்தில் எஞ்சின் நின்றது. ஆறவிட்டார், பிடித்தது. மூடியைத் திறந்ததும் லேசான மீன் வாடை. மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கெப்பாசிட்டரின் காலடியில் பழுப்புக் கறை. கசிந்த திரவம் பலகையின் செம்புக் கோட்டை அரித்து மேலே தூக்கியிருந்தது. "இது நெசமாவே முடிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றார். குரலில் துக்கம் இருந்தது.

குர்லாவின் சி.எஸ்.டி. ரோடு கபாடிக் கடைகளில் அதே வேனின் பெட்டி கிடைத்தது. கடைசி எழுத்து வரைக்கும் அதே நம்பர். மாட்டினோம். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. எங்கள் சாவியை அதற்குத் தெரியாது. திருட்டைத் தடுக்கச் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. பெட்டி அதை அடையாளம் கண்டால்தான் பெட்ரோலை விடும். பெட்டி நல்ல பெட்டி, சாவியும் நல்ல சாவி. ஒன்றுக்கொன்று அந்நியம், அவ்வளவுதான்.

இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு லாமிங்டன் ரோட்டில் ஒரு மாடி அறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் பழைய பலகையில் எள்ளுருண்டையில் கால்வாசி கூட இல்லாத, எட்டுக் கால் சிப் ஒன்றைக் காட்டினார். சாவியின் அடையாளம் எல்லாம் அதில்தான். ஒரு கிளிப்பைக் கவ்வவைத்துப் படித்து, புதிய பெட்டியின் சிப்பில் எழுதினார். ஒரு டீ குடிக்கிற நேரம். பலகை செத்திருந்தாலும் அதற்குத் தெரிந்தது சாகவில்லை.

அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள்.

2000-களின் தொடக்கத்தில் ஹார்பர் லைன் தண்டவாள ஓரத்துக் குடிசைகளை எடுத்தார்கள். ரயில் வேகமாக ஓட வேண்டும், எங்களுக்கும் செங்கல் சுவர் வேண்டும், இரண்டுமே நியாயம். மான்குர்தில் 225 சதுர அடி வீடு கொடுத்தார்கள். கதவு பூட்டுகிற வீடு, உள்ளேயே குழாய். ஆனால் எங்கள் வரிசைக்காரர்கள் வேறு வேறு கட்டடங்களுக்குச் சிதறினார்கள். யார் வீட்டுப் பிரசவத்துக்கு யாரை எழுப்ப வேண்டும், யாரிடம் சீட்டுப் பணம் பத்திரம், எந்தக் கடையில் மாசக்கடைசியில் அரிசி கடன் கிடைக்கும் என்பதெல்லாம் அம்மாவின் தலையில் இருந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் ரேஷன் கார்டைப் பார்த்தார்கள், சுவரில் நம்பர் எழுதினார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. புது வீட்டில் முதல் மாதம் முழுக்க அவள் கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வீடு பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

மாற்றுவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அரித்துப்போன பலகையை மாற்றத்தான் வேண்டும். ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே அம்மா இன்னும் இருக்க வேண்டும் என்று எந்த மகன் ஆசைப்படுவான்? பழையதற்கு என்ன தெரியும் என்று கேட்காமல் தூக்கி எறிகிறோமே, அதுதான் என்னை அறுக்கிறது.

பெட்டி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் ஐடிலிங் ஏறி இறங்கியது. "பயப்படாதீங்க, எஞ்சினைப் பழகுது. நிதானமா அம்பது கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செம்பூர் தாண்டி திலக் நகர் பக்கம் திருப்பினேன். எங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது ரயில்வேச் சுவர்தான் இருக்கிறது. மெதுவாக ஓட்டி, "நம்ம வரிசைல யார் யாரு இருந்தாங்கம்மா?" என்று கேட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

தண்ணிக் குழாயிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் பூக்கட்டுகிறவள், அடுத்து பெயின்ட் அடிக்கிறவர், அவர் மாமியார், அவளுக்கு எந்தக் காது கேட்காது என்பது வரைக்கும். பாதிப் பேரை எனக்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டாவது வீட்டில் நின்றாள். "அவ பேரு... நாக்கு நுனியில இருக்குடா."

எஞ்சினை அணைக்காமல் ஓரம் கட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பன்வேல் லோக்கல் போய்க்கொண்டிருந்தது.