மூடிக்குக் கீழே

பழைய இயந்திரம் ஒன்றைப் புதுப்பிக்கிறவன் யாருக்கு உண்மையாக இருக்கக் கடமைப்பட்டிருக்கிறான்? இயந்திரத்துக்கா, அதைச் செய்தவனுக்கா, தனக்கா? ஒரு பழுதுபார்ப்புக் கையேட்டைக் கவிதை படிக்கிற நிதானத்தோடு படித்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது. நான் வங்கி குமாஸ்தா, ஸ்பானர் பிடித்தவனல்ல.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் காடெட்' என்ற சிறு டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தோட்டத்துக்கும் புல்வெளிக்குமானது. கோலர் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 7 குதிரைத்திறன். இன்றும் அங்கே சிலர் அதைத் தேடி வாங்கி, முழுக்கக் கழற்றி, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பிறகு பொறிக்கான வயரிங்.

அதன் தர்க்கம் எளிமையானது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சாவி வழியாகக் காயிலுக்கு ஒரு வயர். காயிலின் மறுமுனையிலிருந்து பாயிண்டுக்கு ஒரு வயர். பாயிண்டுக்கு அப்பால் எஞ்சின் உடம்பே எர்த். பாயிண்டின் இரு முனைகளும் சேர்ந்திருக்கும்வரை காயிலில் காந்தப்புலம் நிற்கிறது. அவை விலகும் கணத்தில் புலம் குலைகிறது. காயிலின் மெல்லிய சுற்றுகளில் எழும் பல்லாயிரம் வோல்ட், பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. தொடர்பு அறுகிற கணத்தில்தான் பொறி. கண்டென்சர் அந்த அறுதலைத் துரிதமாக்கி, பாயிண்ட் முனைகள் கருகாமல் காக்கிறது. முனைகளுக்கிடையே 0.020 அங்குலம், அவை விலகும்போது ஃப்ளைவீலில் உள்ள 'எஸ்' குறி நேர்நிற்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 20 டிகிரி இருக்கும் நிலை அது.

எல்லாம் சரியாகச் செய்தும் பொறி வராமல் போவதுண்டு. பெயிண்டே ஒரு காரணம். எர்த் சேரவேண்டிய இடத்திலும் தடவிவிட்டால் மின்சாரத்துக்கு வழியில்லை. சுரண்டி இரும்பைக் காட்டியாக வேண்டும். பழசின் மேல் பூசிய அழகு, பழசோடு இருந்த தொடர்பை அடைத்துவிட்டது.

பாயிண்ட் தேயும், அவ்வப்போது ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆகவே சிலர் அதை எடுத்துவிட்டு, காந்தத்தின் அசைவை உணர்ந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எலெக்ட்ரானிக் சாதனத்தைப் பொருத்துகிறார்கள். பழைய பாயிண்ட் மூடியை மட்டும் அப்படியே விட்டுவைப்பவர்களும் உண்டு. இது பொய்யா?

தூய்மைவாதி ஆம் என்பான். ஆனால் புது பிஸ்டனை அவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன். பயன்வாதியோ, ஓடுகிறதே, போதாதா என்கிறான். எஞ்சினை யாரும் ஏமாற்ற முடியாது என்பது மெய்தான். அதற்கு வேண்டியது சரியான கணத்தில் ஒரு பொறி, அவ்வளவே. ஆனால் ஓடும்போது பொய்யும் மெய்யும் ஒரே சத்தம்தான் போடுகின்றன. என்றோ ஒரு நாள் அது நின்றுபோகும். அன்று முகமறியாத இன்னொருவன் ஃபீலர் கேஜோடு அந்த மூடியைத் திறப்பான்; இல்லாத பாயிண்டைத் தேடுவான். ஏமாற்றப்பட்டவன் அவன்.

என் மேஜையில் இதற்கொரு விதி உண்டு. கணக்கில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது. பேரேட்டுக் காலத்தில், அடியில் இருப்பது படிக்கும்படி ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எதிர்ப்பதிவுதான். தவறும் திருத்தமும் இரண்டும் நிற்கும். இதை வெகுநாள் அலுவலகச் சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பழம்பிரதியைப் பதிப்பிக்கிறவனும் பாடத்தைத் திருத்தலாம். திருத்தியதை அடிக்குறிப்பில் சொல்லாவிட்டால் அவன் செய்தது பதிப்பல்ல, அபகரிப்பு.

மாறாதிருப்பதல்ல விசுவாசம், மாற்றியதை மறைக்காதிருப்பது. அந்தக் கடன் பழையதற்கல்ல, அடுத்துத் திறக்கப் போகிற கைக்கு. மூடியின் உட்புறத்தில் ஒரு வரி போதும்: என்ன எடுத்தேன், என்ன வைத்தேன், தேதி. பெயிண்ட் படாத இடமாகப் பார்த்து எழுத வேண்டும்.