வருணனின் நோன்பும் ஆளில்லாத் தேரும்

மகத வேந்தன் அஜாதசத்துரு வைசாலியின் மீது படையெடுத்தபோது இரு புதிய பொறிகளை ஏவினான் என்று சுவேதாம்பர ஆகமமான பகவதி சூத்திரம் கூறுகிறது. ஒன்று, கல்லெறி பொறியென அறிஞர் கருதும் மகாசிலாகண்டகம். மற்றொன்று இரதமுசலம்; குதிரையும் பாகனும் வீரனும் இன்றித் தானே ஓடி மக்களை நசுக்கிய தேர். மாண்டோரை அந்நூல் இலட்சக்கணக்கில் எண்ணுகிறது. அது மிகையாகவும் இருக்கலாம்.

அப்போரில் வைசாலியின் சார்பில், வருணன் என்னும் சாவகன் அரசாணையால் களம் புகுந்தான். தன்னை முதலில் தாக்கியவனையன்றிப் பிறரைத் தாக்குவதில்லை என நோன்பு பூண்டான். அம்பு தைத்த பின்னரே எய்தான், எதிரி வீழ்ந்தான். புண்பட்ட வருணன் களத்தினின்று விலகி, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தருப்பையின் மீதமர்ந்து யாவும் துறந்து உயிர் நீத்தான். அவனுக்கு நற்கதி தந்தது நோன்பே, போர்க்களச் சாவு அன்று என்பது பகவான் மகாவீரர் கௌதமருக்கு அளித்த விளக்கம்.

2001-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா ஏவுகணை தாங்கிய ஆளில்லா விமானத்தைப் போரில் ஈடுபடுத்தியது. இயக்கியோர் தம் நாட்டிலேயே அமர்ந்திருந்தனர். அவர்களை நோக்கி எவர் வில் வளைத்தார்? விரோதி இம்சை என்று இதனையும் பொறுத்துக்கொள்வோர், அவர்தம் நாடு முன்னரே தாக்கப்பட்டதே என்பர். வைசாலியும் தாக்கப்பட்ட நாடுதான். எனினும் வருணன் நோக்கியது, தன் எதிரே நின்ற ஒருவனின் கையை மட்டுமே.