சிலுவையும் மிளகும்

மலாக்காவுக்குப் போகும் நம்மவர், அங்கே குன்றின் அடியில் நிற்கும் பறங்கிக் கோட்டை வாயிலைப் பாராமல் திரும்புவதில்லை. 1511 ஆகஸ்டில் அந்நகரைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் கட்டிய கோட்டை அது. பார்த்து வந்தவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு மிளகுக்காக வந்தார்கள்." இப்பேச்சில் முக்கால் பங்கு மெய். மீதிக் கால் பங்கில்தான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

மதம் வெறும் சாக்கு என்றால் மிளகை அவன் மறைத்திருக்க வேண்டுமன்றோ? அல்புகெர்க் மறைக்கவில்லை. தாக்குதலுக்கு முன் தன் தலைவர்களிடம் இரண்டு காரணங்களைச் சொன்னதாக அவன் மகனே எழுதி வைத்திருக்கிறான். முஸ்லிம்களை இந்நகரினின்று விரட்டுவது கடவுளுக்குச் செய்யும் ஊழியம் என்பது ஒன்று. மலாக்கா கைவசமானால் கெய்ரோவும் மக்காவும் நொடித்துப்போகும், வெனிஸ்காரர் லிஸ்பனுக்கு வந்து சரக்கு வாங்கவேண்டி வரும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில், கூச்சமின்றிச் சொன்னான்.

அவனுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்திய சிலுவை யுத்தக்காரரும் இப்படியே. 1095-ல் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் அழைத்தபோது கிளம்பிய பிரபுக்களில் பலர், வழிச் செலவுக்காகத் தங்கள் நிலத்தை அடகு வைத்ததைப் பழைய பத்திரங்களிலிருந்து சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். பாவம் தீரும் என்று மெய்யாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடுதான் 1099-ல் பைத்துல் முகத்தஸில் நுழைந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பொருளுக்காக வந்தவன் பொருள் கிடைத்ததும் நிறுத்தக்கூடும். புண்ணியத்துக்காகக் கொல்பவன் எங்கே நிறுத்துவான்?

நிற்க. ஊழியமும் லாபமும் கலந்ததுதான் குற்றம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவர் வழியில் வியாபாரம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. நம் முன்னோர் இக்கரைகளுக்கு வந்ததும் துணி மூட்டைகளோடுதான். கலப்பில் கேடில்லை, கேடு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு பேரேடு வைத்திருக்கும் கடைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் விழும் நஷ்டத்தை மற்றதில் வரவாக எழுதிவிடுவார். அவர் கடைக்கு நஷ்டமே கிடையாது!

1202-ல் நடந்ததைப் பாருங்கள். கப்பல்களுக்காக வெனிஸ் நகரத்தாருக்குப் பேசிய 85,000 மார்க் வெள்ளியைச் சிலுவைப் படையினரால் கட்ட முடியவில்லை. கடனுக்குத் தவணை பெற, ஸாரா என்ற கிறிஸ்தவ நகரத்தையே தாக்கினார்கள். போப்பாண்டவர் தடுத்தும் கேட்கவில்லை. படை கலையாமல் இருந்தால்தானே புனித யாத்திரை நடக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளும் அவர்கள் கையில் சூறையாயிற்று.

மலாக்காவில் கணக்குத் தலைகீழ். அந்நகரின் வியாபாரத்தைத் தாங்கி நின்றவர்களில் குஜராத் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அவர்களை விரட்டினால் வியாபாரம் கெடும் என்பது சிறு கடைப் பையனுக்கும் தெரியும். விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் அச்சேயில் கூடினார்கள். சில பத்தாண்டுகளில் அங்கிருந்து மிளகு செங்கடலுக்குப் போகத் தொடங்கியது. இங்கே பட்ட நஷ்டம் கடவுள் ஊழியத்தில் வரவாயிற்று.

இப்படிப்பட்டவனோடு எவர் பேரம் பேச முடியும்? இரண்டில் எந்தப் பேரேட்டை நாளை திறப்பான் என்று அவனுக்கே தெரியாது. உதிமுத்திராஜா என்ற ஜாவானிய முஸ்லிம் பெருவணிகர், நகரம் விழுமுன்பே அல்புகெர்க்கோடு சமாதானம் பேசிக்கொண்டவர். அதே வருஷத்தில் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி அவரைக் கொன்றார்கள்.

நைனா சட்டு நம் தமிழ் நாட்டிலிருந்து வந்த ஹிந்து வணிகர். சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். அவரோடு அவர்களுக்கு மதச் சண்டை ஒன்றுமில்லை. பெண்டஹாரா பதவியும் தந்தார்கள். 1514-ல் அதைப் பிடுங்கிக் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் தாமே சிதையில் ஏறினார் என்று போர்த்துக்கீசியச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.