சரணடைந்தவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

கண்டி ஏரியை விட்டு அம்பிட்டிய மேட்டில் ஏறும் வீதி தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹங்குராங்கெத்தவுக்குப் போகிறது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டியை நெருங்கியபோது அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் தலைநகரைக் காலி செய்துவிட்டு ஒதுங்கியது அந்த ஹங்குராங்கெத்தவில்தான். வெறிச்சோடிக் கிடந்த நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர், தங்களிடம் புகலிடம் தேடி வந்திருந்த முத்துசாமி என்ற நாயக்க இளவரசனை அரசனாக்கினார்கள். முந்தைய அரசன் இராஜாதி இராஜசிங்கனின் மைத்துனன் அவன். பிறகு படையின் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஒரு சிறு காவற்படைதான் கண்டியில் எஞ்சியது. அதை முதலில் தின்றது காய்ச்சல். ஜூன் மாதம் மேஜர் அடம் டேவியின் கீழ் இருந்தவர்கள், எழுந்து நிற்கக்கூடிய ஐரோப்பியர் சில பத்துப் பேர், அவர்களைவிடப் பல மடங்கு மலாய்ப் படையினர், பீரங்கிப் பணிக்கு வந்த லஸ்கார்கள், பாயோடு பாயாகக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள்.

ஜூன் 24 விடியுமுன் கண்டிப் படை அரண்மனையைத் தாக்கியது. பிற்பகலில் டேவி சமாதானக் கொடி காட்டினார். உடன்பாடு எழுத்தில் ஆனது. படை ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம். முத்துசாமியும் கூடப் போகலாம். நோயாளிகளைக் குணமாகும்வரை கண்டியார் பார்த்துக்கொள்வார்கள். அன்று மாலை மழையில் நடை தொடங்கியது. நகருக்கு வடக்கே வட்டபுளுவத் துறையில் மகாவலி கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடக்க ஓடம் இல்லை. மறுநாள் தெப்பம் கட்ட முயன்றுகொண்டிருந்தவர்களிடம் கண்டிப் பிரதானிகள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி முதலில் மறுத்தார். பிறகு கொடுத்துவிட்டார். முத்துசாமி அரசனிடம் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். ஜூன் 26 அன்று, ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுக் கண்டிக்குத் திரும்புங்கள் என்று கட்டளை வந்தது. ஆயுதங்கள் கைமாறியதும் ஐரோப்பியரைத் தனியே பிரித்து, இரண்டிரண்டு பேராக நடத்திக்கொண்டுபோய் வெட்டினார்கள். நகரத்தில் விடப்பட்ட நோயாளிகளும் தப்பவில்லை. அரசனிடம் சேவைக்குச் சேர மறுத்த மலாய்த் தளபதி நூருதீனும் பின்னர் கொல்லப்பட்டார். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் ஒருவன் கழுத்தின் பின்புறம் வெட்டுண்டு, பிணம்போலக் கிடந்து, நிமிராத தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி ஆற்றைக் கடந்து செய்தி கொண்டுபோனான். டேவியை மட்டும் உயிரோடு வைத்திருந்தார்கள். 1812 வாக்கில் இறக்கும்வரை அவர் கண்டி இராச்சியத்தின் கைதி.

இந்தக் கதையில் கண்டியார் பக்க நியாயம் பெரியது. அதை மறைத்துவிட்டு அறம் பேசக்கூடாது. புத்தளம் வியாபாரிகளின் பாக்கு பறிபோனதைச் சாக்காக்கி அடுத்தவர் நாட்டுக்குள் படையோடு புகுந்தவர்கள் ஆங்கிலேயர். உயிரோடிருக்கும் அரசனுக்கு எதிராக இன்னொருவனை அரியணையில் ஏற்றியதும் அவர்கள்தான். முத்துசாமி கண்டிச் சட்டப்படி துரோகி. ஊருக்குள் புகுந்தவனை அடித்து விரட்ட ஊராருக்கு உள்ள உரிமையை யாரும் மறுக்க முடியாது. ஜூன் 24 காலையில் அரண்மனை மதிலில் நடந்த சண்டையில் விழுந்த ஒவ்வொரு உயிரும் போரின் கணக்கு.

ஆனால் பிற்பகலில் கணக்கு மாறிவிட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்தவன் தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரே வழியை எதிரியின் வாக்கை நம்பி விட்டுக்கொடுக்கிறான். அந்தக் கணத்திலிருந்து அவன் பசி, தாகம், காயம், தூக்கம் எல்லாம் பிடித்தவனின் பொறுப்பு. அவன் வந்த காரணம் அநியாயமானது என்பதால் இந்தப் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. நல்லவர்களை மட்டும் காப்பதற்கு உடன்பாடு எதற்கு? வாக்கின் பெறுமதி, அதை முறித்தால் லாபம் வரும் நேரத்தில்தான் தெரியும். வட்டபுளுவவில் கண்டியார் அந்த நேரத்தில் தவறினார்கள். நாட்டைக் காத்த வெற்றி அது. அதன் மேல் அந்தக் கறை இன்றுவரை இருக்கிறது.

டேவியின் தவறு வேறு வகை. அவருக்காகப் பேசக்கூடியதும் நிறைய உண்டு. பின்னால் பகைப்படை, முன்னால் வெள்ளம், கையில் நனைந்த, காய்ச்சல் கண்ட படை. ஒருவனைக் கொடுத்தால் நானூறு பேர் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை. தளபதியின் முதல் கடமை தன் படையினரைக் காப்பது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதம் பலவீனமானதல்ல. ஆனாலும் முத்துசாமியின் உயிர் டேவியிடம் இருந்தது கொடுப்பதற்காக அல்ல, காப்பதற்காக. தன்னுடையதல்லாத ஒன்றை விலையாக வைத்து யாரும் பேரம் பேச முடியாது. அந்த நானூறு பேரும் உயிரோடு திருகோணமலை போய்ச் சேர்ந்திருந்தால்கூடத் தீர்ப்பு இதுதான். அவர்கள் சாகடிக்கப்பட்டதால்தான் டேவி தவறு செய்தார் என்று சொல்வது, விளைவைப் பார்த்து அறத்தை எழுதுவது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே அரசன் கைதியானான். 1815 பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவர அருகே ஒளிந்திருந்தவனைப் பிடித்தவர்கள், கட்டி அவமதித்து இழுத்துச் சென்றார்கள் என்றும், அரசியரின் நகைகளைப் பறித்தார்கள் என்றும் பதிவுகள் உண்டு. வட்டபுளுவவில் நடந்ததற்கு அது சரியான பதில் என்று ஒருவருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றும் இடத்தில்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாக்கு முறித்தவனுக்கும் கட்டுண்டபின் அடி வாங்காத உரிமை உண்டு. வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்த அந்த அரசனுக்குப் பாலாற்றங்கரையில் ஒரு மண்டபம் இருக்கிறது. வட்டபுளுவவில் வெட்டப்பட்ட சிப்பாய்களுக்கோ, நூருதீனுக்கோ, முத்துசாமிக்கோ நம் மொழியில் ஒரு சிறு நினைவுக் குறிப்புகூட அரிது.

வெட்டிக் கொல்வதில் கொன்ற கை யாருடையது என்று தெரியும். நடக்கவிட்டுக் கொல்வதில் அது தெரியாது. கைதிகளின் நீண்ட நடையைப் பற்றி யோசிக்கும்போது மிகவும் கலங்கவைப்பது இதுதான். 1943 ஏப்ரலில் ஜப்பானியரால் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட 7,000 போர்க் கைதிகள் தாய்லாந்தின் பான்போங்கில் இறக்கப்பட்டு, சயாம் - பர்மா ரயில்பாதை வேலைக்காக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடத்தப்பட்டார்கள். நடை இரவில். பருவமழையில், சேற்றில். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆண்டு முடிவதற்குள் இறந்தார்கள். யார் கொன்றது? காவலாள் தான் நடத்திச் சென்றதாக மட்டும் சொல்வான். முகாம் அதிகாரி அரிசி வரவில்லை என்பான். மேலதிகாரிக்குப் பாதை குறித்த நாளில் முடிய வேண்டும். ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த சிறு பங்கை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கைதி விழுந்தது சேற்றில், கொன்றது வாந்திபேதி என்று பதிவேட்டில் எழுதிவிடலாம்.

ஏற்பாடு போதவில்லை என்ற சாக்கும் அப்படியே. 1942 ஏப்ரலில் பிலிப்பீன்ஸின் பட்டானில் ஜப்பானியர் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான கைதிகள் சரணடைந்தார்கள். பலர் ஏற்கெனவே பட்டினியிலும் மலேரியாவிலும் இருந்தவர்கள். இது உண்மை. ஆனால் அவர்களை முகாமுக்கு நடத்திக்கொண்டுபோன வழியில் இருந்த கிணற்றுக்கு ஓடிய கைதியைக் குத்திக் கொல்ல எந்த உணவுத் தட்டுப்பாடும் காரணமாகாது. அந்தப் படையின் தளபதி ஹொம்மா, தனக்கு இது தெரியாது என்று வாதாடினார். 1946இல் மரண தண்டனை பெற்றார். மரண தண்டனை சரியா என்பது வேறு கேள்வி. தெரியாது என்ற பதில் போதாது என்பது மட்டும் சரி. கைதிகளைப் பிடித்தவன் அவர்களைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கக் கடமைப்பட்டவன்.

1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இதை வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமாகச் சொன்னது. கால்நடையாகக் கொண்டுபோகும் கைதிகளைச் சாதாரணமாக ஒரு நாளில் 20 கிலோமீட்டருக்கு மேல் நடத்தக்கூடாது. தண்ணீரும் உணவும் இருக்கும் இடத்தை அடைவதற்காக என்றால் மட்டும் கூடுதலாக நடத்தலாம். அதாவது கைதியின் கால் எவ்வளவு தாங்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஜப்பான் அதில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவின் மரங்களுக்கிடையே அதன் அலுவலகங்கள் இயங்கின. போர்க் கைதிகளை மீட்பதும் பின்னர் அந்தத் தலைமையகத்தின் பொறுப்பானது. அந்தக் கைதிகளுக்குப் பட்டாளம் இருந்தது, இலக்கம் இருந்தது, தேடிவர ஓர் அரசு இருந்தது. அதே ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி என்று சொல்லியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. காஞ்சனாபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் காட்டில் புதைந்தவர்கள். கைதிக்குரிய காப்பு சீருடை அணிந்தவனுக்கு மட்டும் என்று வைத்தால், மிக அதிகம் துன்பப்பட்டவர்கள் எப்போதும் அந்தக் காப்புக்கு வெளியேதான் இருப்பார்கள்.

இலங்கையில் இதை எழுதும்போது 1803உடன் நிறுத்திக்கொள்வது நேர்மையல்ல. 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் அரசின் உத்தரவின்பேரில் புலிகளிடம் சரணடைந்த பொலிஸாரில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 2009 மே மாதம் வட்டுவாகலில் தங்கள் பிள்ளைகளையும் கணவர்களையும் இராணுவத்திடம் கையளித்த குடும்பங்கள், அவர்கள் எங்கே என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. முதலாவதைச் சொல்லும்போது இரண்டாவதை மறப்பவர்களும், இரண்டாவதைச் சொல்லும்போது முதலாவதை மறப்பவர்களும் நம்மிடையே நிறைய. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டும் சமன் என்று சொல்வதாகாது. சரணடைந்தவரை எண்ணி, பெயர் எழுதி, கணக்குக் காட்டும் கடமையிலிருந்து எந்தத் தரப்புக்கும் விலக்கு இல்லை என்று மட்டுமே ஆகும்.

இலங்கை ஜெனீவா உடன்படிக்கைகளை 1959இல் ஏற்றது. அவற்றுக்கான உள்நாட்டுச் சட்டம் 2006இல் நிறைவேறியது. காணாமல் போனோர் அலுவலகமும் இருக்கிறது. வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை, கடைசியாக யார் பொறுப்பில் இருந்தார்கள் என்ற விவரத்தோடு, அரசு வெளியிட வேண்டும். அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.