போதும் என்று சொல்லும் உரிமை

குழந்தையில்லாத தம்பதிகளிடம் நம்முடைய பழைய சமூகம் இரக்கத்தோடு நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. வளைகாப்பு, சீமந்தம் என்றால் அந்தப் பெண்ணை ஒதுக்கி வைத்தார்கள். 'மலடி' என்ற சொல்லை ஊரே அறியும். 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறதே தவிர, அதை வாய்விட்டுச் சொன்னவர்கள் அபூர்வம். ஆனாலும் அந்தக் கொடுமைக்கு நடுவே ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அரசமரத்தைச் சுற்றியாயிற்று, ராமேசுவரத்தில் தீர்த்தமாடியாயிற்று, கோயில் மரத்தில் தொட்டில் கட்டியாயிற்று. அதற்கும் பிறகு, "கொடுப்பினை இல்லை" என்று வீட்டில் யாராவது பெரியவர் சொல்லிவிடுவார். அதோடு தேடல் நின்றுவிடும். துக்கம் தீராது, ஆனால் அலைச்சல் தீரும்.

இன்று அந்த வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். பலகையில் ஒரு குழந்தை சிரிக்கும். வழி இருக்கிறது என்று ஆகிவிட்டபோது, அந்த வழியில் போகாமல் நிற்பதே குற்றம்போல் ஆகிவிடுகிறது.

நான் இந்த வைத்தியத்துக்கு விரோதி அல்ல. 1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா என்ற குழந்தை பிறந்தது. அவர் சொன்னதை நம்முடைய அதிகாரிகளே நம்பவில்லை. அவமானம் தாங்காமல் 1981-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது உண்மை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே ஏற்கப்பட்டது. 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் கைராசியால் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இன்று எழும்பூர் அரசு மருத்துவமனையிலேயே கருத்தரிப்பு மையம் வந்துவிட்டது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும் ஏழைத் தம்பதிக்கும் கதவு திறந்திருக்கிறது என்றால் அது நல்ல காரியம்தான்.

ஆனால் அந்தக் கதவுக்குள் நடப்பது என்ன? பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. நாள் விட்டு நாள் ஸ்கேன். மயக்க மருந்து கொடுத்துச் சினைமுட்டைகளை எடுக்கிறார்கள். வெளியே கருவாக்கி, மூன்று அல்லது ஐந்து நாள் வளர்த்து, கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பலிக்காமலும் போகலாம். வயது ஏற ஏற, பலிக்காமல் போவதே அதிகம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடம் இருப்பது அபூர்வம் அல்ல. அந்தக் குறைக்கென்றே, ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் குறை கணவனுடையதாக இருந்தாலும், ஊசியும் மயக்கமும் மனைவிக்குத்தான்.

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கல்யாணமாகி ஒன்பது வருஷம். மூன்று முறை இந்த வைத்தியம் நடந்தது. நகைகள் அடகுக் கடைக்குப் போயின. பிராவிடண்டு பண்டும் கரைந்தது. மூன்றாவது முறையும் பலிக்காதபோது, "போதுங்க. இனிமே என்னால முடியாது" என்றாள் அந்தப் பெண். கணவன் பேசாமல் இருந்தான். மாமியார்தான் பேசினாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடும்மா. அந்தப் பக்கத்துத் தெருப் பொண்ணுக்கு அஞ்சாவது தடவைதான் தங்கிச்சாம்." பெண்ணைப் பெற்றவளும் அதையே சொன்னாள். இருவருமே கெட்டவர்கள் அல்ல. அவள்மீது பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் குறை கணவனிடம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவனுடைய மானத்துக்காக அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் அவனே, "குறை எங்கிட்டதாம்மா. ஊசி மட்டும் அவளுக்கு" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

"நாலாவது தடவை பலித்திருந்தால்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. சிலரிடம் டாக்டரே, இனிப் பயனில்லை என்று சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு அப்படித் தீர்மானமான விடை கிடைப்பதில்லை. மூன்று முறை தோற்றது, நாலாவது முறையும் தோற்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஆகவே நிறுத்துவதற்கான காரணத்தை வைத்தியத்துக்குள் தேடினால் ஒரு நாளும் கிடைக்காது. அதை மனிதர்கள்தான் தங்களுக்குள்ளிருந்து எடுத்தாக வேண்டும்: என் உடம்பு இவ்வளவு தாங்கும், எங்கள் வாழ்க்கையில் இவ்வளவைத்தான் இதற்குக் கொடுக்க முடியும் என்று.

சட்டத்துக்கு இது புரிந்திருக்கிறது. உதவி இனப்பெருக்க முறைகளை ஒழுங்குபடுத்த 2021-இல் இயற்றிய சட்டம், மனைவிக்கு 50, கணவனுக்கு 55 என்று வயது எல்லை வைத்தது. அதோடு, கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முந்திய நிமிஷம் வரையில் தம்பதிகள் தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. சட்டம் கொடுத்த இந்த உரிமையைக் குடும்பம் கொடுக்கிறதா? கொடுப்பதில்லை. நிறுத்துகிறவளிடம், 'உனக்கு ஆசையே இல்லை போலிருக்கிறது' என்கிறார்கள். மூன்று முறை வேதனைப்பட்டவளைவிட ஆசையை நிரூபித்தவர் யார்?

உடனே, "ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்ளுங்களேன்" என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தத்து எடுப்பது உயர்ந்த காரியம். ஆனால் எங்கிருந்தோ வரும் குழந்தை இன்னொருவருடைய தோல்விக்கு மருந்தாக வரக் கூடாது. தனக்காக வர வேண்டும். அதைக் கேட்பதற்கும் ஒரு வேளை உண்டு.

ஐந்தாவது முறையும் முயல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை. அதே அளவு உரிமை நிறுத்துகிறவர்களுக்கும் உண்டு என்றுதான் சொல்கிறேன். அதை இருவரும் கூடிப் பேசலாம். ஆனால் முதல் வார்த்தை, ஊசி ஏற்றுக்கொள்கிறவளுடையதாக இருக்க வேண்டும். போதும் என்ற மனத்தையும் நம் பெரியவர்கள் மருந்து என்றே சொல்லி வந்தார்கள். முன்பு விதியின் பேரால் கிடைத்த அந்த மருந்தை இப்போது வீட்டிலிருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அவள் "போதும்" என்று சொல்லும்போது, "சரி அம்மா" என்றால் போதும்.