முடிவு என்கிற சொல்

ஒருவருடைய வாழ்க்கையில் ஏதாவது முடிந்துபோனால் நாம் உடனே சொல்வது, "இனிமே புது அத்தியாயம்னு நெனச்சுக்கோங்க." பணி ஓய்வுக்கும் இதைத்தான் சொல்கிறோம், முறிந்த திருமணத்துக்கும் இதைத்தான், சாவுக்கும் இதைத்தான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு அதற்குள் ஒரு நிபந்தனையும் கேட்கிறது: அடுத்து வருவது நன்றாக இருக்கும் என்று நீ நம்பியாக வேண்டும். கிறிஸ்தவ வீடுகளில் இந்த நிபந்தனைக்கு வேதத்தின் முத்திரையும் விழுந்துவிடுகிறது. நம்ப முடியாவிட்டால் விசுவாசக் குறைவு. கிறிஸ்தவ நம்பிக்கை என்பது உண்மையிலேயே அதுதானா?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. போன மே மாதத்தோடு 33 வருட ஆசிரியர் வேலையும் முடிந்தது. மகன் சென்னையில் இருக்கிறான். "எதுக்குப்பா தனியா கெடந்து கஷ்டப்படணும்? வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்க" என்று வாரம் தவறாமல் சொல்கிறான். நியாயமான பேச்சுதான். வீடு திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இருவரும் கடன் வாங்கிக் கட்டியது. சாயங்கால ஜெபத்தில் அவள்தான் பாட்டை எடுப்பாள், நான் பின்னால் சேர்ந்துகொள்வேன். இப்போது நானே எடுக்கிறேன். இரண்டாவது சரணத்துக்கு மேல் போவதில்லை.

அவள் இறந்த வருடம், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகள் இருந்த தட்டு வந்தது. நான் எடுத்த அட்டையில் எரேமியா 29:11. பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "பாத்தியளா சார், கர்த்தர் ஒங்களுக்குன்னே குடுத்துருக்காரு" என்றார். காலண்டர்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் வசனம் அது. இனி எல்லாம் நன்மையாக முடியும் என்றுதான் அதை வாசித்துப் பழகியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் படித்தேன். அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. அட்டையில் வராத பத்தாம் வசனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: 70 வருடம். கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கே நாற்பது வயதில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், ஊர் திரும்புவது தன் ஆயுளில் இல்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவர்களிடம்தான், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், உங்களைச் சிறைவைத்திருக்கும் ஊருக்காகவே ஜெபியுங்கள் என்று எரேமியா சொல்கிறார்.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் சொன்ன கணக்கு இரண்டே வருடம். இரண்டு வருடத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எரேமியா அதைக் கேட்டுக் கேலி செய்யவில்லை. ஆமென், அப்படியே நடக்கட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஆசையை வாக்குத்தத்தம் என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. துக்க வீட்டில் நாம் சொல்லும் ஆறுதல்களில் பெரும்பாலானவை அனனியாவின் இரண்டு வருடக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் எத்தனையோ வீடுகளில் அதைச் சொல்லியிருப்பேன். வேறு என்ன சொல்வது?

ஆங்கில பைபிள்கள் பலவற்றில் அந்தப் பதினோராம் வசனத்தில் 'எதிர்காலம்' என்று பொருள்படும் சொல் நிற்கும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் நிற்பது 'முடிவு'. எபிரெய மூலத்தில் 'அகரீத்' என்ற சொல். கடைசி என்றும் பொருள், பின்னால் வருவது என்றும் பொருள். அதை அடுத்து வரும் சொல் 'திக்வா', நம்பிக்கை. யோசுவாவின் புத்தகத்தில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிவைத்த சிவப்புக் கயிற்றுக்கும் இதே சொல்தான். நகரத்தின் மதில் விழப்போகிறது என்று தெரிந்தும் அவள் அந்தக் கயிற்றைக் கட்டினாள். மதில் விழாது என்று கயிறு சொல்லவில்லை. விழும்போது அவளும் அவள் வீட்டாரும் கைவிடப்பட மாட்டார்கள் என்பது மட்டுமே அதன் அர்த்தம்.

அப்படியானால் எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கலாம். 70 வருடம் கழித்து யாரோ ஊர் திரும்புவது செத்துப்போனவருக்கு ஆறுதலா? வரலாற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கிறிஸ்தவம் இங்கேதான் உயிர்த்தெழுதலைக் கொண்டுவருகிறது. ஆனால் அதையும் நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கு மூன்று மணி நேர ஆராதனை, ஈஸ்டருக்கு விடியற்காலை ஆராதனை. நடுவில் வரும் சனிக்கிழமைக்கு ஒன்றும் கிடையாது. கோயிலைக் கழுவுவோம், பூ வாங்குவோம், கறிக்குச் சொல்லிவைப்போம். சீஷர்களுக்கு அந்தச் சனிக்கிழமை ஒரு இடைவேளை இல்லை. அவர்களைப் பொறுத்தவரை கதை முடிந்திருந்தது. இயேசு உண்மையிலேயே இறந்தார் என்பதை விட்டுவிட்டால், எழுந்தார் என்பதற்கு அர்த்தமே இல்லை.

எழுந்தவரின் உடம்பில் காயங்கள் அப்படியே இருந்தன என்று யோவான் எழுதுகிறார். தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டினார். வாழ்க்கை புதிதாகியும் நடந்தது அழிக்கப்படவில்லை. நான் பற்றிக்கொண்டிருப்பது இதைத்தான். முடிந்ததை முடிந்தது என்று சொல்ல என் விசுவாசம் என்னை அனுமதிக்கிறது. அவளை மறந்தால்தான் முன்னே போக முடியும் என்று அது சொல்லவில்லை. அடுத்தது நன்றாக இருக்கும் என்று சந்தோஷ முகம் காட்டச் சொல்லவும் இல்லை. முடிந்தது கடவுளின் கையில் தொலைந்துபோகாது என்கிறது. அதை என்னால் நம்ப முடிகிறது, எல்லா நாளும் இல்லாவிட்டாலும்.

அதே எரேமியா பின்னால் ஒரு நிலம் வாங்குகிறார். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, அவரோ காவலில் இருக்கிறார். தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பானையில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். அந்த நிலத்தில் அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

தமிழில் முடிவு என்றால் தீர்மானமும்தான். நானும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வீட்டுக்கு அடுத்த மாதம் பத்திரப் பதிவு. சென்னை எனக்கு ஒத்துவருமா என்று தெரியாது, ஒத்துவராமலும் போகலாம். சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவளுடைய தையல் மிஷினைத் தவிர. "அத எதுக்குப்பா, யாரு தைக்கப் போறா? இங்க எடமும் கெடையாது" என்கிறான் மகன். பேத்திக்கு ஏழு வயதுதான் ஆகிறது. மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.