நான்கு முழப் பார்வை

"ஒண்ணும் ஆகலையே, விடுங்க." சாலையில் எந்தத் தப்புக்கும் இந்த ஒரு வாக்கியம் போதும். சிவப்பு விழுந்த பிறகும் சந்திப்பைத் தாண்டியவர் இதைச் சொல்கிறார். நான்குவழிச் சாலையில் யு-டர்ன் வரை போக மனமில்லாமல் எதிர்த்திசையில் பைக்கை விட்டவர் இதைச் சொல்கிறார். கூடி நிற்கிறவர்களும் இதையே சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவைக்கிறார்கள். யாருக்கும் அடி இல்லை, ரத்தம் இல்லை. அப்படியானால் குற்றமும் இல்லை என்பது கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பிறந்து வளர்ந்த சமயம் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். ஊரில் நயினார் என்பார்கள். சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, சபரிமலை, ஏர்போர்ட் எல்லாச் சவாரியும் போவேன். எங்கள் சனங்களை மேல்சித்தாமூருக்கும், போளூர்ப் பக்கம் திருமலைக்கும், பொன்னூர்மலைக்கும் கூட்டிப்போவதும் உண்டு. பொன்னூர்மலை மேலே குந்தகுந்தாச்சாரியாரின் பாதம் இருக்கிறது. பெரியவர்கள் படியேறி இறங்கும்வரை வண்டியை நிழலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரங்களில்தான் அவருடைய 'பிரவசனசார'த்தை உரையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். பிராகிருத நூல். அதில் மூன்றாம் பகுதி துறவியின் ஒழுக்கத்தைப் பற்றியது. அங்கே அவர் வைக்கிற ஒரு கருத்தைத் தாண்டி என்னால் அன்று படிக்க முடியவில்லை.

கவனமில்லாமல் நடக்கிறவன் விஷயத்தில், காலடியில் ஓர் உயிர் செத்ததா தப்பியதா என்ற விசாரணையே தேவையில்லை என்கிறார் அவர். இம்சை நடந்து முடிந்துவிட்டது. பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கிறவன் காலில் தற்செயலாக ஒரு பூச்சி அகப்பட்டால், அந்தச் சாவு ஒன்றே அவனை வினையில் கட்டாது. உமாசுவாமியின் 'தத்துவார்த்த சூத்திர'மும் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதற்கு முன்னால் கவனமின்மையை வைக்கிறது.

நாட்டுச் சட்டம் எடை போடுகிற விதம் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பொதுவழியில் தாறுமாறாக ஓட்டியதற்கு 281-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஓட்டத்தில் ஓர் ஆள் இறந்துவிட்டால் 106-ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை. ஒரே வளைவில், ஒரே வேகத்தில், எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே இரண்டு பேர் ஓவர்டேக் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு எதிரே யாரும் வரவில்லை. மற்றவருக்கு எதிரே பால்கேனோடு ஒருவர் வந்துவிட்டார். இந்த இரண்டு டிரைவர்களும் செய்த காரியத்தில் என்ன வித்தியாசம்? பால்காரர் அன்று வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம்தான் வித்தியாசம். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. செத்தவர் வீட்டுக்கு அது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எதிரே யாரும் வராததால் தப்பித்த முதல் டிரைவர், அன்று ராத்திரி நிம்மதியாகப் படுக்கலாமா என்பது சட்டத்தின் கேள்வி அல்ல. சமயத்தின் கேள்வி அது.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். இந்த எண்ணுக்குள் வராதவை எத்தனை! ஒவ்வொரு சாவுக்கும் பின்னால், மயிரிழையில் தப்பியதால் யாரும் கணக்கில் எழுதாத ஓட்டங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. சாவு அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் முனிவர்களுக்கு ஐந்து சமிதிகள் உண்டு. முதலாவது ஈரியா சமிதி. நடப்பதில் காக்க வேண்டிய கவனம். பகல் வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். ஆள்நடந்து தேய்ந்த வழியில்தான் நடக்க வேண்டும். முன்னால் நான்கு முழம், அதாவது ஒரு நுகத்தடி நீளத் தரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வழியில் இருக்கிற பூச்சியை நோகாமல் ஒதுக்கக் கையில் மயிற்பீலி. எனக்கு வெகுநாள் ஒரு கேள்வி இருந்தது: ஏன் நான்கு முழம்? நாற்பது முழம் பார்த்தால் இன்னும் நல்லதுதானே? ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் எனக்கு ஒரு விடை கிடைத்தது. மனிதன் நடக்கிற வேகத்துக்கு நான்கு முழம் பார்த்தால் போதும். பார்த்த இடத்துக்குள் கால் நின்றுவிடும். பார்வையும் வேகமும் அங்கே ஒன்றுக்கொன்று சரியாக அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இனி வேனுக்கு வருவோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் கழிந்துவிடும். அதன்பின் பிரேக் பிடித்து நிற்பதையும் சேர்த்தால், காய்ந்த நல்ல ரோட்டில்கூட ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டும். இரவில் டிம் லைட்டில் ஐம்பது மீட்டர் தெளிவாகத் தெரியுமா? திண்டிவனம் செஞ்சி ரோட்டில், எதிரே வருகிறவர் ஹைபீமை இறக்காமல் வந்தால் இருபது மீட்டர்கூடத் தெரியாது. அப்போது வேகத்தைக் குறைக்காத ஒவ்வொரு நொடியும், கண்ணுக்கே தெரியாத தரையில் நான் வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே ரிப்ளெக்டர் இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கலாம், நாய் படுத்திருக்கலாம், களத்து நெல்லைக் காவல் காக்கிறவர் ரோட்டோரம் தூங்கிக்கொண்டிருக்கலாம். யாரும் இல்லாமலும் போகலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இம்சை ஒன்றுதான்.

இதில் எங்கள் ஆட்களுக்கே நான் வாதாடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கில் விழுகிற பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்பதற்காக வந்த விரதம். சவாரி முடிந்து திரும்பும்போது மணி ஐந்தரை ஆகிவிட்டால் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "தம்பி, பொழுது இறங்குது, கொஞ்சம் மிதிப்பா." பூச்சியைக் காக்க எடுத்த விரதத்துக்காக வேகமாகப் போய் ஓர் ஆட்டுக்குட்டியை அடித்தால் அந்த விரதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இப்போதெல்லாம் கிளம்பும்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டுச்சோறு வண்டியிலேயே இருக்கட்டும், ஐந்து மணிக்கு எந்தப் புளியமரத்தடி வருகிறதோ அங்கே இலை போட்டுவிடலாம். பெரியம்மாக்களுக்கு இது பிடித்துப்போய்விட்டது.

மற்றவர்கள் ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டைமிங்குக்கும் கலெக்ஷன் பேட்டாவுக்கும் பறக்கிற தனியார் பஸ் நம்மை உரசி ஓவர்டேக் எடுத்து, அடுத்த நொடி நம் மூக்குக்கு முன்னாலேயே ஸ்டாப்பிங்கில் நிற்கும். ஆள் கைகாட்டினால் ஷேர் ஆட்டோ இருந்த இடத்திலேயே நிற்கும். சந்தில் இருந்து வருகிற பைக், மெயின் ரோட்டைப் பார்க்காமலே இடப்பக்கம் ஒட்டி நுழையும். நெஞ்சு கொதிக்கும். அந்தக் கொதிப்பு நியாயமானது என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

கவனமின்மையைப் பதினைந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் எங்கள் முன்னோர். வீண்பேச்சு நான்கு வகை; பெண்களைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, நாட்டு நடப்பைப் பற்றி, ஆள்கிறவர்களைப் பற்றி. அடுத்து குரோதம் என்கிற கோபம், மானம் என்கிற கர்வம், மாயை என்கிற வஞ்சனை, லோபம் என்கிற பேராசை நான்கு. ஐந்து புலன்கள். பிறகு தூக்கம். கடைசியாகப் பாசம். செல்போன் கையில் வைத்து ஓட்டுகிறவரையும் விடியற்காலை கண்ணயர்கிற லாரி டிரைவரையும் இந்தப் பட்டியல் எந்தச் சிரமமும் இல்லாமல் பிடித்துக்கொள்கிறது. என்னை நிறுத்தியது குரோதம் அதற்குள் இருப்பதுதான். கோபம் ஒரு தனிப் பாவம் என்று மட்டும் சொல்லாமல், அதைக் கவனமின்மையின் ஒரு வகை என்று வைத்திருக்கிறார்கள்.

பஸ் உரசிவிட்டுப் போன பிறகு டிரைவரின் கண்ணைக் கவனியுங்கள். அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு அது அந்தப் பஸ்ஸின் முதுகிலேயே இருக்கும். எப்படியாவது அதைத் தாண்டிப் போய் ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கக் காத்திருக்கிற பள்ளிப் பிள்ளை அந்தக் கண்ணில் விழாது. தப்பு செய்தவன் போய்விட்டான். அவன் தப்பு இப்போது என் கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு என் வண்டியை ஓட்டுகிறது. தசலட்சணம் என்கிற பத்துத் தர்மங்களில் உத்தம க்ஷமையை, அதாவது மன்னிப்பை, முதலாவதாக வைத்ததற்கு ஆயிரம் விளக்கம் இருக்கலாம். டிரைவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது ஒன்று: மன்னித்த உடனே கண் ரோட்டுக்குத் திரும்பிவிடுகிறது. பஸ்காரர் மேல் புகார் எழுதிக் கொடுக்க வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எழுதிக் கொடுங்கள். அது கோபமில்லாமலே செய்யக்கூடிய வேலை.

இரண்டாவது சமிதி பாஷா சமிதி. பேச்சு அளவாக, பிறருக்கு நன்மையாக, சந்தேகம் தராததாக இருக்க வேண்டும். சாலையில் நமக்கு வாய் கிடையாது. இண்டிகேட்டரும் ஹார்னும் லைட்டும்தான் பேச்சு. அந்தப் பேச்சு நம் ஊரில் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது! முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அவர் வலப்பக்கம் திரும்பப் போகிறாரா, எதிரே வண்டி வருகிறது ஏறாதே என்கிறாரா, தாராளமாக ஏறிப்போ என்கிறாரா? மூன்றுக்கும் அதே விளக்கைப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கு முனையில் நேராகப் போகிறேன் என்று சொல்ல நான்கு இண்டிகேட்டரையும் போடுகிறார்கள். பக்கவாட்டில் நிற்கிறவருக்கு அதில் ஒன்றுதான் தெரியும்; அந்த வண்டி திரும்பப் போகிறது என்று நம்பி அவர் தன் வண்டியை எடுக்கிறார். தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கக் கூடாது என்கிறது விதி. 'சவுண்ட் ஹார்ன்' என்று கேட்கிறது லாரியின் முதுகு. இரவில் சிக்னல் மஞ்சளாக மினுக்கினால் வேகம் குறைத்துப் பார்த்துப் போகலாம், சிவப்பாக மினுக்கினால் முழுக்க நின்று பார்த்துவிட்டுத்தான் போகலாம். இரண்டையும் 'சிக்னல் ஆப்' என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். லைசென்ஸ் கொடுக்கும்போது எட்டு போடச் சொல்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எனக்கு என்ன அர்த்தம் என்பதல்ல, பார்க்கிறவருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்து விளக்கைப் போடுவது என்னளவில் விரதம்தான்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. விஹாரம் என்று ஊர் ஊராக நடந்தே போகிற சமணத் துறவிகள் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்துபோகிற செய்தி அவ்வப்போது வருகிறது. நான்கு முழம் பார்த்து, எறும்புக்கும் வழிவிட்டு நடந்தவர்கள் அவர்கள். அந்தக் கவனம் அவர்களைக் காக்கவில்லை. கவனமாக இருப்பவன் வினையிலிருந்து தப்பிக்கிறான், சரி. உடம்போடு தப்பிப்பதற்கு அடுத்தவனுடைய கவனம் வேண்டியிருக்கிறது. ஆகவே என் ஒழுக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்தவர் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதும் நம் ஒழுக்கத்தில் சேர்ந்ததே.

இல்லறத்தாருக்கு அனர்த்ததண்ட விரதம் என்று ஒன்று உண்டு. காரணமில்லாமல் விளைகிற இம்சையை விடுவது. அதன் பிரிவுகளில் ஒன்று இம்சாதானம். கத்தி, விஷம், நெருப்பு என்று உயிருக்கு ஊறு செய்யும் கருவியைப் பிறர் கையில் தூக்கிக் கொடுப்பது. பத்தாவது படிக்கிற மகனிடம் பைக் சாவி கொடுப்பதை இதற்குள்தான் வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் காப்பாளர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

"அண்ணே, சாயங்காலம் டியூஷனுக்குப் பஸ் கிடையாது, புள்ள எப்படிப் போவான்?" என்று கேட்கிறார் ஒரு தகப்பன். 16 வயதில் லைசென்ஸ் உண்டே என்கிறார் இன்னொருவர். உண்டுதான், 50 சிசிக்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நம் ஊரில் மூட்டை ஏற்றுகிற மொபெட்டே இன்று 100 சிசி. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். பதினைந்தாவதாகப் பாசத்தை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது இவர்களோடு பேசும்போதுதான் புரிகிறது.

சவாரி இல்லாத நாட்களில் டியூஷனுக்கு என் வேன் போகும், டீசல் காசை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பர்வம் என்கிற எங்கள் விரத நாட்களில் விரதம் எடுக்க நிற்கிற தகப்பன்மார், பதினெட்டு முடியாத பிள்ளைக்குச் சாவி கொடுக்க மாட்டேன் என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சிலர் சரி என்றார்கள். சிலர் யோசிக்கிறோம் என்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன்.